ஹாம்பர்கிலிருந்து இரு வழிகள்

(புதுச்சேரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஊரின் ஒரு வகுப்பறையில் நான் செய்த தவற்றிலிருந்து தொடங்குகிறேன். அன்று குறுந்தொகைப் பாட்டு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, என் புத்தகத்தில் அந்தச் சொல் வேறாக இருக்கிறதே" என்றார். அவர் கையில் இருந்தது அவருடைய தாத்தா வைத்திருந்த பழைய பதிப்பு. நான் அதை வாங்கிப் பார்க்கவும் இல்லை. "அச்சுப்பிழையாக இருக்கும், திருத்திக்கொள் தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டேன். அவர் அமைதியாக உட்கார்ந்தார், பிறகு எழுந்து கேள்வி கேட்கவே இல்லை.

2010-இல் குறுந்தொகைச் செம்பதிப்பு மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. பிரெஞ்சு தூரக்கிழக்குப் பள்ளியும் சென்னைத் தமிழ்மண் பதிப்பகமும் சேர்ந்து வெளியிட்டவை. வாங்கி வந்த அன்றிரவே அந்தப் பாட்டைத் தேடிப் பிரித்தேன். மேலே பாட்டு, பக்கத்தின் அடியில் சிற்றெழுத்தில் பாடவேறுபாடுகள். நான் நடத்திய சொல்லும் அந்த மாணவர் காட்டிய சொல்லும் அங்கே அடுத்தடுத்து நின்றன. எது எந்தச் சுவடியில், எந்தப் பதிப்பில் என்ற குறியீட்டோடு நின்றன. அச்சுப்பிழை எதுவும் அங்கே இல்லை. அந்தப் பையன் கேட்டது பதிப்பியலின் அடிப்படைக் கேள்வி. அதைக் கேள்வியாகவே அடையாளம் காணும் பயிற்சி எனக்கு இருக்கவில்லை.

அந்தப் பதிப்பைச் செய்தவர் எவா வில்டன் என்னும் ஜெர்மானிய அறிஞர். நம் ஊர் துய்மா வீதியில் கடற்கரைக்கு மிக அருகே உட்கார்ந்து செய்தார். இன்றைய உரை அவருடைய பணியைப் பற்றியது. ஆனால் அவருக்கு முன்னால் இன்னொரு ஜெர்மானியரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் தமிழ் படித்தவர் அல்லர்; அரபு இலக்கியம் படித்தவர். இருவரும் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து புறப்பட்டார்கள். ஒருவர் இஸ்தான்புல்லுக்குப் போனார், மற்றவர் புதுச்சேரிக்கு வந்தார். முன்னவர் கதையை அருகில் வைத்துப் பார்த்த பிறகுதான் பின்னவர் நமக்குச் செய்திருப்பது என்ன என்பது எனக்கு விளங்கியது.

ஹெல்மூட் ரிட்டர் 1892-இல் ஒரு பாதிரியார் குடும்பத்தில் பிறந்தார். அரபு இலக்கிய வரலாற்றையே நூல்பட்டியலாக எழுதிவைத்த கார்ல் புரோக்கல்மானிடம் ஹாலெ நகரில் பாடம் கேட்டார். முதல் உலகப்போரின்போது துருக்கியப் படையோடு சேர்ந்திருந்த ஜெர்மன் பிரிவில் மொழிபெயர்ப்பாளராக ஈராக், பாலஸ்தீனம் என்று அலைந்தார். 1919-இல் ஹாம்பர்க் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அந்த ஆண்டே அங்கே பேராசிரியர் ஆனார். வயது இருபத்தேழு.

ஆறே ஆண்டுகளில் எல்லாம் போயிற்று. தற்பால் உறவுக்காக அந்நாளைய ஜெர்மன் சட்டம் அவரைத் தண்டித்தது. பதவி போனது, ஊரில் மதிப்பும் போனது. 1926-இல் அவர் இஸ்தான்புல்லுக்குப் போனார். அங்கே ஆயா சோபியா, சுலைமானியா முதலான பழைய பள்ளிவாசல்களை ஒட்டிய நூலகங்களில் அரபு, பாரசீக, துருக்கியக் கையெழுத்துப் படிகள் குவிந்து கிடந்தன. பல நூல்கள் அங்கே இருப்பது வெளியுலகுக்குத் தெரியாது. ரிட்டர் ஒவ்வொரு நூலகமாக ஏறி இறங்கினார். கண்டவற்றை எல்லாம் குறித்து, ஜெர்மன் ஆய்விதழ் ஒன்றில் 'பிலோலோகிகா' என்ற பொதுத்தலைப்பில் தொடர்ந்து எழுதினார்.

அவர் போய்ச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. 1928 நவம்பரில் துருக்கி தன் எழுத்தை மாற்றியது. அரபு எழுத்து போய் லத்தீன் எழுத்து வந்தது. நாட்டில் எழுத்தறிவு பரவ அது உதவியது என்பார்கள்; அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் அடுத்த தலைமுறைத் துருக்கியப் பிள்ளை தன் தாத்தாவின் கல்லறையில் வெட்டியிருப்பதைப் படிக்க முடியாதவனாக வளர்ந்தான். நூலகம் அதே தெருவில் இருந்தது, ஏடும் அதே அலமாரியில் இருந்தது, வாசிக்கும் கண்தான் குறைந்துகொண்டே வந்தது. அந்த ஊரில், அந்த ஆண்டுகளில், அந்த எழுத்தோடு நாள்முழுதும் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் இந்த வெளிநாட்டுக்காரர்.

அவர் அங்கே பதிப்பித்தவற்றுள் இலக்கியக்காரர்களான நமக்கு முக்கியமானது ஒன்று. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்துல் காஹிர் அல்-ஜுர்ஜானி என்பவர் உவமை, உருவகம் பற்றி அரபியில் ஒரு நூல் எழுதினார். பெயர் 'அஸ்ரார் அல்-பலாகா'. சொல்வன்மையின் மறைபொருள்கள் என்று தமிழில் சொல்லலாம். ஓர் உவமையைக் கேட்ட மாத்திரத்தில் புரிந்துகொள்வதைவிடச் சற்று உழைத்துக் கண்டடையும்போது மனம் ஏன் கூடுதலாக மகிழ்கிறது என்று அவர் ஆராய்கிறார். உள்ளுறை பற்றியும் இறைச்சி பற்றியும் தொல்காப்பிய உரைகளில் படித்தவர்களுக்கு இது பக்கத்து வீட்டுப் பேச்சுப்போலக் கேட்கும். பல படிகளை ஒப்பிட்டு ரிட்டர் இந்நூலை 1954-இல் இஸ்தான்புல்லில் பதிப்பித்தார். 1959-இல் ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். அடுத்த ஆண்டிலேயே மொழிபெயர்ப்பு வந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஐந்து ஆண்டு ஆயிற்று. அவருடைய வேகம் அவ்வளவுதான், அந்த வேகத்தில் எனக்கு மதிப்பு உண்டு.

ரிட்டருடைய ஆர்வம் ஏட்டோடு நிற்கவில்லை. நம்மூர்த் தோல்பாவைக்கூத்தின் உறவினர் என்று சொல்லத்தக்க 'கராகோஸ்' நிழற்கூத்தைக் கூத்துக்காரர்களிடமே கேட்டு எழுதி வெளியிட்டார். முதுமையில், எழுத்தில் இல்லாமல் பேச்சில் மட்டும் வாழ்ந்த ஒரு சிரியக் கிளைமொழியைப் பேசுவோரிடம் கேட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தார். 1971-இல் காலமானார். இஸ்தான்புல்லில் அவரிடம் படித்த ஃபுவாத் செஸ்கின் என்ற துருக்கிய மாணவர்தான் பின்னாளில் அரபு நூல்களின் வரலாற்றைப் பதினேழு தொகுதிகளில் எழுதினார். முதல் தொகுதி 1967-இல் வந்தது. ஜெர்மன்காரர் துருக்கியருக்கு அரபுச் சுவடி கற்பித்தார், துருக்கியர் அதை ஜெர்மன் மொழியில் உலகுக்கு எழுதிக் கொடுத்தார். அறிவு எந்த வழியாக நடந்தது என்று பாருங்கள்.

இப்போது அந்தச் சுவடிகளைப் படிப்பதிலுள்ள சிக்கலுக்கு, அதாவது புள்ளிக்கு, வருகிறேன். அரபு எழுத்துக்கு அடிப்படை ஒரு கோட்டெலும்புதான். சொல்லின் நடுவில் ஒரு சிறு பல் போன்ற கோடு வரும். அதன் மேலே ஒரு புள்ளி வைத்தால் நகரம், இரண்டு வைத்தால் தகரம், மூன்று வைத்தால் நாக்கைப் பல்லில் வைத்து ஊதும் இன்னோர் ஒலி. கீழே ஒன்று வைத்தால் பகரம், இரண்டு வைத்தால் யகரம். பழைய படிகளில் இந்தப் புள்ளிகள் பல இடங்களில் இருக்காது. குற்றுயிர்களையும் எழுதமாட்டார்கள். வாசிப்பவன் மொழியறிவாலும் நினைவாலும் அவற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும். அதனால் ஒரே சொல்லை இரண்டு புலவர்கள் இரண்டு விதமாகப் படித்திருக்கிறார்கள், இருவருமே தவறு செய்தவர்கள் அல்லர்.

நம் ஓலைக்கு வாருங்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியர் நூன்மரபிலேயே சொல்லிவிட்டார். எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி உண்டு என்றார். ஆனால் ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி இடவில்லை. எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று காரணம் சொல்வது உண்டு. எப்படியோ, விளைவு ஒன்றுதான். ஒற்றைக்கொம்பு நெடிலுக்கும் குறிலுக்கும் பொது. காலும் ரகரமும் ஒரே வடிவம். ஓலையில் ஒரு கொம்பு, ஒரு பகரம், ஒரு கால் அடுத்தடுத்து இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் 'பொ' என்று படிக்கலாம், 'போ' என்று படிக்கலாம், 'பெர', 'பேர', 'பேர்' என்றும் படிக்கலாம். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. 'எரி'யும் 'ஏரி'யும் கண்ணுக்கு ஒன்றே. நெருப்பா நீரா என்பதை வாசிப்பவர் முடிவு செய்ய வேண்டும்!

நெடிலுக்குத் தனி வடிவம் தந்து இந்தக் குழப்பத்தின் ஒரு பகுதியைத் தீர்த்தவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வந்த இத்தாலியரான வீரமாமுனிவர் என்பது நீங்கள் அறிந்தது. அதனால் அவருக்கு முந்தைய எழுத்து நமக்கு அந்நியம் ஆயிற்று. நாமும் ஒருவகையில் இஸ்தான்புல் பிள்ளைகள்தாம். தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றவர் ஒருவரிடம் நற்றிணை ஓலை ஒன்றைக் கொடுத்தால் முதல் அடியை அவர் வாசிக்கமாட்டார். நானும் பணிநிறைவுக்குப் பிறகுதான் ஓலை எழுத்தைப் பழகினேன். முப்பது ஆண்டு சங்க இலக்கியம் கற்பித்தவன், சங்க இலக்கியம் இருந்த எழுத்தைப் படிக்கத் தெரியாமலே கற்பித்திருக்கிறேன்.

புதுச்சேரியையும் காரைக்காலையும் சேர்ந்த உங்களில் சிலர் வீட்டில் இன்னொரு வகை ஏடு இருக்கக்கூடும். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் நூல்கள். அரபியில் இல்லாத நம் டகரத்துக்கும் ணகரத்துக்கும் ளகரத்துக்கும் அங்கே எழுத்து செய்ய வேண்டியிருந்தது. அரபு எழுத்துகளின் மேலும் கீழும் கூடுதல் புள்ளியும் குறியும் இட்டுச் செய்தார்கள். பாட்டியார் ஓதிய கிதாபு என்று அலமாரியில் வைத்திருப்பீர்கள். தயவுசெய்து அதைப் பழைய தாள் வாங்குபவரிடம் போட்டுவிடாதீர்கள். அதைப் படிப்பவர்கள் அருகி வருகிறார்கள்.

இங்கே இன்னொரு பெயரையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அரபையும் தமிழையும் ஒரே மேசையில் வைத்த ஜெர்மானியர் அவர். ஃப்ரீட்ரிஷ் ரூக்கர்ட், 1788-இல் பிறந்தவர், கவிஞர், எர்லாங்கனிலும் பெர்லினிலும் பேராசிரியர். பழைய அரபுப் பாடல்களின் தொகுப்பான 'ஹமாஸா'வை 1846-இல் ஜெர்மன் கவிதையாக வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டு, 1847-இல், திருக்குறளின் சில பகுதிகளையும் ஜெர்மனில் பெயர்த்தார். இரண்டு குழந்தைகளைச் செங்காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு நானூறுக்கும் மேற்பட்ட இரங்கற்பாக்களை எழுதியவர் அவர். உயிரோடு இருந்தபோது அவற்றை அச்சிடவில்லை. கையறுநிலை என்ற துறைக்கு விளக்கம் தேவைப்படாதவர். அவர் நம் நாட்டைப் பார்த்ததே இல்லை. எவா வில்டன் பார்த்தார், தங்கினார். அந்த வேறுபாடு பெரிது.

நம் ஊருக்கு வருவோம். 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே, 1955-இல், ஜான் ஃபிலியோசா முயற்சியால் செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு நிறுவனம் திறக்கப்பட்டது. ஆட்சி போன கையோடு பிரான்சு இங்கே ஒரு நூலகத்தைக் கட்டியது வரலாற்றில் அடிக்கடி நடப்பதல்ல. கோயில்களிலிருந்தும் மடங்களிலிருந்தும் குருக்கள் வீடுகளிலிருந்தும் சைவ ஆகம ஏடுகளைத் தேடித் திரட்டினார்கள். அந்நிறுவனத்திலும் தூரக்கிழக்குப் பள்ளியிலும் உள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

செயின்ட் லூயி, துய்மா என்னும் இந்த இரண்டு வீதிகளிலும் ஒரு பழக்கம் உருவாயிற்று. வெளிநாட்டு அறிஞரும் நம் பண்டிதரும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிப்பது. பிரான்சுவா குரோ 1968-இல் பரிபாடலைப் பிரெஞ்சில் தந்தார். தி. வே. கோபாலையரின் தேவாரப் பதிப்பு அவருடைய நெறியாள்கையில் 1984 முதல் வெளிவந்தது. கோபாலையரைப் பார்த்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். இலக்கணமும் உரைகளும் அவர் நினைவில் அடுக்கடுக்காக இருந்தன. ஒரு சொல்லைச் சொன்னால் அது வரும் இடங்களை வாயாலேயே சொல்வார். பதினேழு தொகுதிகள் கொண்ட தமிழ் இலக்கணப் பேரகராதியை முடித்துவிட்டு 2007-இல் மறைந்தார். நான் ரிட்டரிடம் செஸ்கின் படித்ததைச் சொன்னேன். இங்கே அது தலைகீழ். வெளியிலிருந்து வந்தவர்கள் மாணவர்கள், திருவையாற்று மரபில் வந்த ஐயர் ஆசிரியர்.

எவா வில்டன் ஹாம்பர்கில் இந்தியவியலும் தத்துவமும் படித்தவர். முனைவர் பட்ட ஆய்வு வேதத்தில் அவிப்பொருளின் சுழற்சி பற்றியது; 2000-இல் நூலாக வந்தது. அங்கிருந்து சங்க இலக்கியத்துக்குத் திரும்பினார். 2003 முதல் துய்மா வீதியில் தூரக்கிழக்குப் பள்ளி ஆய்வாளராக இருந்து சங்கநூல் செம்பதிப்புத் திட்டத்தை நடத்தினார். குறுந்தொகையின் இலக்கிய உத்திகள் பற்றிய நூல் 2006-இல். நற்றிணைச் செம்பதிப்பு 2008-இல், குறுந்தொகை 2010-இல், அகநானூற்றின் களிற்றியானைநிரை 2018-இல். ஒவ்வொன்றும் மும்மூன்று தொகுதிகள். இடையில் 2014-இல், சங்க நூல்கள் நம் கைக்கு வந்த கதையைச் சுவடி, அச்சு, நினைவு என்ற மூன்றின் வழியாகச் சொல்லும் நூல். இப்போது ஹாம்பர்கிலேயே பேராசிரியர்.

பட்டியல் போதும். பதிப்பு எப்படி இருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

நற்றிணையை முதலில் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் உரையெழுதிப் பதிப்பித்தார். அச்சு முடிவதற்குள் மறைந்தார். நூல் 1915-இல் வந்தது. குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கன் அதே 1915-இல் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையரின் பதிப்பு 1937-இல் வந்தது. குறுந்தொகைக்குப் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் எழுதிய உரை தொலைந்துபோயிற்று. பழைய உரையின் கைத்தாங்கல் இல்லாமல், புள்ளியில்லா ஏட்டிலிருந்து, அந்தப் பெரியவர்கள் பாட்டை மீட்டார்கள். அவர்கள் செய்ததற்கு ஈடில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவர்கள் தாம் கண்ட பாடவேறுபாடுகளைப் பல இடங்களில் காட்டினார்கள்; ஆனால் எந்தச் சுவடி எந்தப் பாடத்தைத் தருகிறது என்பது எல்லா இடத்திலும் வாசகனுக்குத் தெரியவில்லை. அவர்கள் முன்னிருந்த வேலை நூலைக் காப்பாற்றுவது. வீடு எரியும்போது பாத்திரத்தை வெளியே எடுப்பவரிடம் எண்ணிக் கணக்கெழுதச் சொல்ல முடியாது.

கணக்கெழுதும் வேலை மிச்சம் இருந்தது. சாமிநாதையர் நூலகத்திலும் பிற நூலகங்களிலும் எஞ்சியிருந்த ஓலைகளையும் தாள்படிகளையும் வில்டனும் உடன் பணியாற்றியவர்களும் தேடி, ஒளிப்படம் எடுத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார்கள். செம்பதிப்பில் முதலில் தமிழ் எழுத்தில் பாட்டு. அடுத்து அதே பாட்டு சொல்பிரித்து உரோமன் எழுத்தில். அதன்கீழ்ப் பாடவேறுபாடுகள். பிறகு சொல்லுக்குச் சொல் ஆங்கிலம், கடைசியில் ஓடும் மொழிபெயர்ப்பு. மூன்றாம் தொகுதி முழுவதும் சொல்லடைவு.

முதலில் இதை வாசித்தபோது எனக்குச் சலிப்பாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஏ. கே. இராமானுஜனின் ஆங்கிலத்தில் குறுந்தொகையைப் படித்துப் பழகியவன் நான். அங்கே பாட்டு மூச்சுவிடும். வில்டனின் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு எலும்புக்கூடு போல நிற்கும். பிறகு ஒருநாள் தலைவி கூற்றுப் பாட்டு ஒன்றை இருவரிடமும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். இராமானுஜன் அழகாகத் தாண்டிப் போயிருந்த இடத்தில் ஒரு 'கொல்' இருந்தது. ஐயமோ இரக்கமோ அது எதைக் காட்டினாலும், அந்த ஒரு துளி தலைவியின் குரலில் இருந்தது. வில்டன் அதை விடவில்லை. மன், தில், கொல், அம்ம என்று நாம் அசைநிலை என ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிட்டு நகரும் இடைச்சொற்களுக்குத் தொடரில் என்ன வேலை என்று அவர் விடாமல் கேட்கிறார். இடையியலை மனப்பாடம் செய்த நாம், பாட்டைப் படிக்கும்போது அதை மறந்துவிடுகிறோம். எல்லா இடத்திலும் அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. சில இடங்களில் பேச்சுத்தமிழின் காதுள்ளவருக்கு உடனே விளங்கும் குழைவு அவர் பெயர்ப்பில் இறுகிவிடுகிறது. ஆனால் நான் மறுப்பதற்கு வேண்டிய சான்றும் அதே பக்கத்தின் அடியில் இருக்கிறது. நான் அவரை மறுக்க அவரே எனக்குக் கருவி தந்திருக்கிறார்.

பாடவேறுபாடு என்றவுடன் பலருக்கு அச்சம் வருகிறது. மூலம் உறுதியற்றது என்றால் அதன் பழைமைக்கு இழுக்கு வருமோ என்ற அச்சம். அரபு உலகம் இதைக் கடுமையாகவே சந்தித்தது. இஸ்லாத்துக்கு முந்தைய பாடல்கள் வாய்மொழியாக, 'ராவி' எனப்படும் பாடிக்காப்போர் வழியாக வந்து, பின்னால் தொகுக்கப்பட்டவை. 1926-இல் கெய்ரோவில் தாஹா ஹுசைன், அந்தப் பாடல்களில் பெரும்பகுதி பிற்காலத்தார் கட்டியவை என்று எழுதினார். ஊரே கொந்தளித்தது, வழக்குத் தொடர்ந்தார்கள், அடுத்த ஆண்டு நூலை மாற்றி வெளியிட நேர்ந்தது. நமக்கும் அப்படி ஒன்று வந்தது. ஹெர்மன் டீக்கன் என்ற டச்சு அறிஞர் 2001-இல், சங்கப் பாடல்கள் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டில் பழைமை தோன்றும்படி புனையப்பட்டவை என்று ஒரு நூல் எழுதினார். நம்மில் பலர் கோபப்பட்டோம். கோபம் நியாயமானதுதான், ஆனால் அது விடையாகாது. வில்டன் 2002-இல் எழுதிய கட்டுரை, சங்கநூல்களின் மொழியிலும் யாப்பிலும் தொடரமைப்பிலும் அடுக்கடுக்காகத் தெரியும் மாற்றங்களைக் காட்டி, இவை ஒரே காலத்தில் ஒரே பட்டறையில் செய்தவை அல்ல என்று வாதிட்டது. மொழியின் உள்ளிருந்தே சான்று எடுத்த வாதம் அது. நம் பழைமையை நமக்காக வாதாடியது பெருமிதம் அல்ல, இடைச்சொல்லை எண்ணிப்பார்த்த பொறுமை.

2014 நூலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நாம் வேகமாகப் புரட்டிப் போகும் பக்கங்களைப் பற்றியது. பாரதம் பாடிய பெருந்தேவனாரின் கடவுள் வாழ்த்துகள், தொகுத்தார் தொகுப்பித்தார் பெயர்கள், எட்டுத்தொகையையும் பத்துப்பாட்டையும் எண்ணிச் சொல்லும் தனிப்பாட்டுகள். இவற்றைத் தேர்வுக்கு நெட்டுருப் போட்டிருக்கிறோம். நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, அகநானூறு, புறநானூறு ஆகிய ஐந்துக்கும் ஒரே புலவர் வாழ்த்துப் பாடியிருக்கிறார் என்றால், ஒரு காலத்தில் ஒரு கை இந்த ஐந்தையும் ஒன்றாகக் கோக்க முனைந்தது என்று பொருள். தொகுத்தவர்களான பூரிக்கோவையும் உருத்திரசன்மரையும் பெயர்களாகத்தான் நமக்குத் தெரியும். நூலைக் கட்டிக்காத்த மனிதர்களாக அவர்களைப் பார்க்க இந்தப் பக்கங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தன. நற்றிணையின் 234-ஆம் பாட்டு கிடைக்கவில்லை. அந்த எண்ணுக்கு நேரே உள்ள வெற்றிடத்தை இப்போதெல்லாம் நான் சட்டென்று தாண்டுவதில்லை.

ஹாம்பர்கில் 2023-இல் பழந்தமிழுக்கான மின்தொகுப்பும் அகராதியும் உருவாக்கும் 'தமிழெக்ஸ்' என்ற நெடுங்காலத் திட்டம் தொடங்கியிருக்கிறது. இருபதாண்டுக்கு மேல் நடக்கப்போகும் வேலை. அதைத் தொடங்கியவர்களில் பலர் முடிவைப் பார்க்கும்போது முதியவர்களாக இருப்பார்கள். அது முடியும் நாளில் அந்த மேசையில் புதுச்சேரிப் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதுதான் என் கவலை. துய்மா வீதியில் கோடைக்காலச் செம்மொழிக் கருத்தரங்கு நடந்தபோதெல்லாம் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மாணவர்கள் வந்து உட்கார்ந்து படித்தார்கள். அந்த வீதிக்குச் சைக்கிளில் போகும் தொலைவில் உள்ள நம் பிள்ளைகளுக்கு நாங்கள், ஆசிரியர்கள், அதைச் சொல்லவே இல்லை. அந்தக் குறை வேறு யார் மேலும் இல்லை.

ஓலை எழுத்து பழகுவது நினைப்பது போலக் கடினம் அல்ல. எனக்கு அறுபது வயதில் ஏறத்தாழ நான்கு மாதம் பிடித்தது. இருபது வயதுக் கண்ணுக்கு அதில் பாதி போதும். முதல் மாதம் எதுவும் புரியாது. காலையும் ரகரத்தையும் மாற்றி மாற்றிப் படிப்பீர்கள். பிறகு ஒரு நாள் நீங்கள் முன்பே அறிந்த ஒரு பாட்டு அந்தக் கீறல்களுக்குள்ளிருந்து எழுந்து வரும்.

என் வகுப்புக் குறுந்தொகைப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த அடிக்கு எதிரே, ஓரத்தில், அந்த மாணவர் காட்டிய சொல்லைப் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன். அவர் பெயரையும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். அந்தப் பாடத்தை எனக்குத் தந்தவர் அவர்தான்.